பிரம்படியும் முதுகுவலியும்

மதுரையின் முதல் லோடுமேன் சொக்கநாதராகிய சிவபெருமான்தான். வைகைக் கரையின் உடைப்பை அடைக்க வந்திக் கிழவிக்காக மண் சுமந்தார். கூலி, உதிர்ந்த பிட்டு. தலையில் சும்மாடு, கூடையில் கொஞ்சம் மண், நடுநடுவே ஆட்டம், களைத்தால் தூக்கம். பாதுகாப்பு வகுப்புகளில் இன்று சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: குறைவாகத் தூக்கு, அடிக்கடி ஓய்வெடு. பாண்டியனுக்குத்தான் பொறுக்கவில்லை, பிரம்பை எடுத்துவிட்டான்.

ஆண் ஒருவர் சுமப்பது 55 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. சிமென்ட் மூட்டை 50 கிலோ, பரிந்துரைக்குப் பழுதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை என்பதுதான் முதுகுக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

“முழங்காலை மடக்கு, சுமையை நெஞ்சோடு அணை, இடுப்பை முறுக்காதே” என்பார்கள் பாதுகாப்பு வகுப்புகளில். நல்ல அறிவுரை. ஆனால் மதுரைக் கீழமாசி வீதியில் மூட்டை தரையில் காத்திருப்பதில்லை. லாரியிலிருந்து நேரே முதுகில் இறங்குகிறது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். எந்த முழங்காலை மடக்குவது?

அன்று சொக்கநாதரின் ஒரு முதுகில் விழுந்த பிரம்படி ஊரார் எல்லார் முதுகிலும் பட்டது. இன்று ஊரார் எல்லாருடைய சுமையும் ஒரே முதுகில் இறங்குகிறது. திருவிளையாடல்தான், தலைகீழாக.