ரிங்லெட் ஏரியில் மணிக்கட்டின் உரிமைகள்

1929இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து கொழுந்தெடுத்த கைகளின் வலியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரரின் மணிக்கட்டுக்கோ தக்கைப் பிடி, நுரைப் பிடி, அறிவுரை என்று எல்லாம் உண்டு. போகட்டும், அறிவுரையில் நியாயம் இருக்கிறது. ஸ்பின்னிங் ரீல் கம்புக்கு அடியில் தொங்க வேண்டும். மேலே தூக்கி வைத்தால் அது கவிழப் பார்க்கும்; அதைத் தடுப்பதே மணிக்கட்டுக்கு முழுநேர வேலையாகிவிடும். ரீலின் தண்டை நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே விட்டுத் தளர்வாகப் பிடித்தால் பாரம் கைக்குள் அடங்கும், ஆள்காட்டி விரலுக்கு நரம்பும் எட்டும். வலக்கைக்காரர் இடக்கையால் சுற்றுவதா என்பார்கள். மீனோடு மல்லுக்கட்டுவது கம்பு. ரீல் தளர்ந்த நரம்பைச் சேர்ப்பதோடு சரி. பலமுள்ள கை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமா?

பெரிய மீன் மாட்டினால்தானே இந்தக் கவலை என்பது அடுத்த வாதம். மீன் மாட்டினால் சில நிமிடம். மாட்டாவிட்டால் நாள் முழுக்கக் கம்பைச் சுமக்க வேண்டும். 1963இல் கட்டி முடிந்த சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கமான ரிங்லெட் ஏரியில், மேட்டுக் காய்கறித் தோட்டங்களின் மண் வந்து படிந்துகொண்டே இருக்கிறது. அந்த அடிமண்ணில் தூண்டில் சிக்கினால் கம்பை வளைத்து இழுக்காதீர்கள். நேராக நீட்டி, ரீலைப் பொத்திக்கொண்டு பின்னால் நடங்கள். வண்டலை வெளியே எடுக்க மின் நிறுவனமான தெனாகா நேஷனல் தனியாகத் தூர்வாரி வருகிறது.