தலைக்குப் பத்து டாலர்

சும்மா சொல்லக் கூடாது, பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் டெக்சாஸ் அரசு கஞ்சத்தனம் காட்டியதே இல்லை. பிள்ளைகள் சாகச் சாக கஜானா திறந்துகொண்டே இருக்கிறது.

2018 மே மாதம் சான்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துணை ஆளுநர் டேன் பேட்ரிக் அன்றைக்கே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்: பள்ளிகளுக்கு வாசல்கள் அதிகம். சுட்ட மாணவன் வீட்டிலிருந்து அப்பாவின் துப்பாக்கிகளை எடுத்து வந்திருந்தான். அது அவர்கள் குடும்ப விஷயம், அதில் போய் அரசு தலையிடலாமா? வாசல் பொதுச்சொத்து, அதில் கை வைக்கலாம். மறு வருடம் 10 கோடி டாலர் ஒதுக்கினார்கள். வேலி, பூட்டு, கேமரா, கதவு. அதில் யுவால்டி என்ற சிற்றூரின் பள்ளி நிர்வாகத்துக்குக் கிடைத்தது 69,141 டாலர். பள்ளிக்கென்றே ஆறு பேர் கொண்ட தனிப் போலீஸும் அந்த ஊரில் இருந்தது. காகிதத்தில் பார்த்தால் குறையொன்றும் இல்லை.

2022 மே 24 அன்று அங்கே ராப் தொடக்கப் பள்ளியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். கொன்றவனுக்கு 18 வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த வயதில் அமெரிக்காவில் கடைக்குப் போய் ஒரு பீர் வாங்க முடியாது, சட்டம் விடாது. கைத்துப்பாக்கி கேட்டாலும் 21 வயது ஆகட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் டெக்சாஸில் ராணுவ பாணி ரைஃபிள் என்றால் தடையில்லை. அவன் இரண்டு வாங்கினான்.

அவன் நுழைந்த 111-ஆம் வகுப்பறைக் கதவின் பூட்டு சரியாக விழாது என்பது பள்ளியில் பலருக்கும் தெரியும். பழுது பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கத்தான் ஆளில்லை. இது டெக்சாஸ் சட்டமன்ற விசாரணைக் குழுவே எழுதி வைத்திருப்பது. அன்று வந்து குவிந்த போலீஸார் 376 பேர். முதலில் போனவர்கள் சுடப்பட்டுப் பின்வாங்கினார்கள். பிறகு சாவி வரட்டும் என்று நின்றார்கள், எந்தக் கதவுக்கு? பெரும்பாலும் பூட்டியே இருந்திருக்காது என்று அந்தக் குழு சொல்லும் அதே கதவுக்கு. கைப்பிடியைத் திருகிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 77 நிமிடம். உள்ளேயிருந்து பிள்ளைகள் அவசர எண் 911-ஐ அழைத்து போலீஸை அனுப்பச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் சில அடி தூரத்தில் இருந்தது. வெளியே, நாங்களாவது உள்ளே போகிறோம் என்று பாய்ந்த பெற்றோரைப் பிடித்துத் தள்ளுவதற்கு மட்டும் போதுமான வீரம் மிச்சம் இருந்தது.

அந்த நடைகூடத்து கேமரா பதிவு பிறகு வெளிவந்தது. ஹெல்மெட்டும் கவச உடையுமாக நிற்பவர்களில் ஒருவர் சுவரோரம் போகிறார். அங்கே சானிடைசர் பெட்டி தொங்குகிறது. அழுத்தி, உள்ளங்கையில் ஏந்தி, இரண்டு கையையும் பொறுமையாகத் தேய்த்துக்கொள்கிறார். கதவுக்கு அந்தப் பக்கம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ரத்தம் போய்க்கொண்டு கிடக்கிறார்கள். ஐயா கை சுத்தம்.

கொலைகள் நடந்து ஒரு மாதம் கழித்து ஆளுநர் கிரெக் ஆபட்டும் சட்டமன்றத் தலைவர்களும் 10 கோடி டாலருக்கு மேல் புதிதாக அறிவித்தார்கள். அதில் பெரிய பங்கு, 5 கோடி டாலர், எதற்கு என்கிறீர்கள்? குண்டு துளைக்காத கேடயம் வாங்க. பிள்ளைகளுக்கு அல்ல, போலீஸுக்கு. செத்தது பிள்ளைகள், கேடயம் போலீஸுக்கு! இத்தனைக்கும் ராப் பள்ளி நடைகூடத்தில் முதல் கேடயம் அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டிருந்தது. அதன் பின்னால் ஒளிந்து நிற்கத்தான் பயன்பட்டது. பூட்டுக்கு எழுத வேண்டிய ஒரு சீட்டுக்கு எந்த நிதியும் தேவைப்பட்டிருக்காது என்பதை அப்போது யாரும் நினைவுபடுத்தியதாகத் தெரியவில்லை.

பள்ளி திறந்த பிறகு இன்னொரு சன்மானம் வந்தது. பிள்ளையின் கைரேகையும் உமிழ்நீரும் எடுத்து வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ள ஒரு டி.என்.ஏ. பொட்டலம், அரசு செலவில். 2021-லேயே போட்ட சட்டமாம், பிள்ளை காணாமல் போனால் தேட உதவுமாம். இருக்கலாம். ஆனால் பொட்டலம் வந்து சேர்ந்தது யுவால்டிக்கு ஐந்து மாதம் கழித்து. தங்கள் பிள்ளை எந்த உடல் என்று தெரிந்துகொள்ள அந்த ஊரில் பெற்றோர் வாயில் பஞ்சுக்குச்சி விட்டு எச்சில் எடுத்துக் கொடுத்ததை டெக்சாஸ் முழுக்கப் படித்திருந்தார்கள். மதிய உணவுப் பெட்டி, தண்ணீர் பாட்டில், அடையாளம் காட்ட எச்சில். எந்தத் தாய்க்குப் புரியாமல் போகும், இது எதற்கென்று?

யுவால்டியின் முதலாண்டு நினைவு நெருங்கியபோது டல்லாஸ் சிறுவர்களின் பையில் ஒரு படப்புத்தகம் வீட்டுக்கு வந்தது. ஓடு, ஒளி, போராடு என்ற பாடத்தைத் தேன் தின்னும் ‘பூ’ என்ற பழைய கதைக் கரடி சொல்லிக்கொடுக்கிறது. ஹூஸ்டனில் உள்ள ஒரு பாதுகாப்பு ஆலோசனை நிறுவனத்தின் தயாரிப்பு. அந்தக் கரடியின் முதல் புத்தகம் அதற்கு முந்தைய ஆண்டுதான் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டிருந்தது. கரடிக்கும் வேலை வந்துவிட்டது.

2023-ல் சட்டமே போட்டார்கள். பள்ளிக்கு ஓர் ஆயுதக் காவலர் கட்டாயம். செலவுக்குப் பள்ளிக்கு 15,000 டாலர், பிள்ளைக்குத் தலைக்கு 10 டாலர். முன்பு தலைக்கு 9 டாலர் 72 சென்ட், ஆக உயிரின் விலை 28 சென்ட் ஏறியது. 15,000 டாலரில் எந்தக் காவலர் வருடம் முழுக்க நிற்பார் என்று பள்ளிகள் கேட்டன. ஆள் கிடைக்காவிட்டால் பயிற்சி பெற்ற ஆசிரியரே துப்பாக்கி தூக்கலாம் என்று அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பின்னத்தையும் பெருக்கலையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, ரைஃபிளோடு வருகிறவனையும் கணக்கு வாத்தியாரே பார்த்துக்கொள்வார். 376 போலீஸாரால் ஆகாத காரியம்!

அதே 2023-ல், சல்லிக்காசு செலவில்லாத மசோதா ஒன்றும் வந்தது. அந்த மாதிரி ரைஃபிள் வாங்கும் வயதை 18-லிருந்து 21 ஆக்க வேண்டும், அவ்வளவுதான். யுவால்டிப் பெற்றோர் இறந்த பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தலைநகர் ஆஸ்டினுக்கு நடையாய் நடந்தார்கள். மே 6 அன்று ஆலன் நகர வணிக வளாகத்தில் இன்னொரு கொலைவெறி. இரண்டு நாள் கழித்து, எல்லோரும் வியக்க, சட்டமன்றக் குழுவில் 8-க்கு 5 என்று மசோதா தேறியது. குடியரசுக் கட்சிக்காரர்களிலேயே இருவர் ஆதரித்தார்கள். அவைக்கு வரவில்லை. பட்டியலில் சேர்க்கும் கெடு முடிந்துவிட்டதாம். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவார்கள் என்பார்கள். இங்கே தொட்டிலுக்கு நிதி ஒதுக்கீடு உண்டு, கிள்ளுகிற விரலுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு.

துப்பாக்கியை ஓரிடத்துக்குள் விடாமல் தடுப்பது எப்படி என்று இவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். யுவால்டியில் பிள்ளைகளைப் புதைக்கும் முன்பே, 2022 மே 27 அன்று, ஹூஸ்டனில் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் மாநாடு கூடியது. பள்ளிக்கு ஒரே வாசல் போதும் என்ற தன் யோசனையோடு செனட்டர் டெட் குரூஸ் வந்து பேசினார். அப்போது முன்னாள் அதிபராக இருந்த டிரம்ப்பும் பேசினார். அவர் பேசிய அரங்குக்குள் துப்பாக்கி கொண்டுவரத் தடை. சங்கத்து உறுப்பினர்கள் உரிமை பறிபோனதென்று கூச்சல் போட்டதாகத் தெரியவில்லை. வரிசையில் நின்று, சோதனைக்கு உடம்பைக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் கைதட்டினார்கள்.