உங்ககிட்ட மட்டும் சொல்லுகேன்

என் வேலை என்னவென்று அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'மக்கள் தொடர்பு அலுவலர்' என்றேன். "நமக்குத்தான் ஊரு பூரா தொடர்பு இருக்கே, அதுக்குச் சம்பளம் வேற குடுப்பானா?" என்றாள். கொஞ்ச நாள் போனபின் அவளாகவே ஒரு முடிவுக்கு வந்து, கேட்பவர்களிடமெல்லாம், "எனக்க மவனுக்கு ஆஸ்பத்திரியில பில்லு கொறைக்கிற வேலை" என்று சொல்ல ஆரம்பித்தாள். இதைவிடத் துல்லியமாக என் பதவியை யாரும் விளக்கியதில்லை. நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் பி.ஆர்.ஓ.வுக்குக் காலையில் வரும் முதல் போன் பத்திரிகைக்காரர் போன் என்று நீங்கள் நினைத்தால் அது சினிமா. அது சித்தப்பாவுக்குக் குடலிறக்கம் என்று சொல்லும் போன். இரண்டாவது போன், ஏசி அறை வேண்டாம், ஜன்னல் உள்ள அறை போதும் என்று சொல்லும். மூன்றாவது, "மக்கா, எவ்வளவு கொறையும்?"

இப்படி இருபத்திரண்டு வருடம் ஓடியபின் நிர்வாகத்துக்குத் திடீரென்று என் வளர்ச்சியில் அக்கறை வந்தது. கன்னியாகுமரி ஹோட்டல் ஒன்றில் ஒருநாள் தொழில் மேம்பாட்டுப் பயிற்சி, நீங்கள் போய் மேம்பட்டு வாருங்கள் என்றார்கள். தேதி ஏப்ரல் 21. 1968-இல் அதே நாளில்தான் டெல்லியில் முதல் அகில இந்திய மக்கள் தொடர்பு மாநாடு கூடியது. அதனால் அது எங்கள் தேசிய தினம். தபால்காரருக்கும் தாதிக்கும் நாள் உண்டென்று ஊருக்குத் தெரியும். எங்களுக்கும் ஒன்று உண்டென்று மக்களுக்குத் தெரிவிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் மாடியில் கூடம். கிழக்கே பெரிய கண்ணாடி ஜன்னல். ஜன்னல் நிறையக் கடல், கடலில் பாறை, பக்கத்துப் பாறையில் வள்ளுவர். ஆனால் திரையில் படம் தெரிய வேண்டுமே! வந்ததும் முதல் வேலையாகச் சீலையை இழுத்து அவ்வளவையும் மூடினார்கள். பயிற்சியாளர் வெளியூர்க்காரர், ஏப்ரல் வெயிலில் கோட் போட்டிருந்தார். நல்ல மனிதர். மூன்று முறை குட்மார்னிங் சொல்லி மூன்றாவது முறைதான் திருப்தி அடைந்தார்.

முதல் பயிற்சி: உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிமிடம் பேசுங்கள். கார்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதை நாஞ்சில் நாட்டில் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாது. என் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் பி.ஆர்.ஓ. அவருக்கு மே மாதம் முழுக்க, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் அப்பாமாரை வீட்டு நடையில் வைத்துப் பிடிக்கிற வேலை.

"எங்க வீடு?"

"தாழக்குடி."

"தாழக்குடியில எங்க?"

"கோயிலுக்கு மேக்க."

"அப்ப நீங்க போஸ்ட்மாஸ்டருக்க பேரனா?"

"ஆமா. உங்களுக்கு எப்பிடி…"

"எங்க தாத்தாவுக்கும் உங்க தாத்தாவுக்கும்லா தென்னைமர கேசு நடந்து!"

கேஸ் பதினோரு வருடம் நடந்தது. இரண்டு நிமிடத்தில் எப்படி முடியும்? சுற்றிப் பார்த்தால் கூடம் முழுக்க இதே நிலை. ஒரு மூலையில் மைனியின் தங்கையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொரு மூலையில் அறுந்துபோன கல்யாணப் பேச்சொன்று மறுபடி தொடங்கிவிட்டது. பயிற்சியாளர் கைதட்டினார், மேசையைத் தட்டினார், கடைசியில் விசில் அடித்தார். கார்டை மட்டும் ஒருவரும் மாற்றிக்கொள்ளவில்லை. தென்னைமர கேஸ்காரனுக்குக் கார்டு எதற்கு?

அடுத்து, லிஃப்டில் ஒரு பெரிய மனிதரைச் சந்திக்கிறீர்கள், முப்பது வினாடியில் உங்கள் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் போகும். பெரிய மனிதர் அதில் வந்தால் படுத்துக்கொண்டுதான் வருவார். அப்போது நிறுவனத்தைப் பற்றிப் பேசுவது மரியாதையல்ல என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு வரலாறு. உலகின் முதல் பத்திரிகைச் செய்திக் குறிப்பை எழுதியவர் ஐவி லீ என்றார். 1906-இல் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் கவிழ்ந்தது. மூடி மறைப்பதை விட்டுவிட்டு, நடந்ததை ரயில் கம்பெனியே பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுக்கும்படி செய்தார். மறுக்கவில்லை, பெரிய காரியம்தான். ஆனால் 'முதல்' என்று சொன்னபோதுதான் எனக்கு உறுத்தியது. ராஜராஜன் தன் வெற்றிகளையெல்லாம் வரிசையாக அடுக்கி ஒரு மெய்க்கீர்த்தி எழுதவைத்து, கல்வெட்டுக்குக் கல்வெட்டு அதையே தலைப்பில் வெட்டச் சொன்னானே, அது என்னவாம்? ஆண்டுதோறும் புது வெற்றி சேரச் சேர மெய்க்கீர்த்தியும் நீண்டது. இன்று ஒவ்வொரு கம்பெனியும் செய்திக் குறிப்பின் வாலில் தன் பெருமையை நான்கு வரி ஒட்டுகிறது. ராஜராஜன் தலையிலேயே வைத்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதுகூடத் தஞ்சாவூர்ச் சமாச்சாரம். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், பகவதி அம்மன் கோயில் தூண்களில், பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் வெட்டிவைத்த நீண்ட கல்வெட்டு இருக்கிறது. அதில் சோழ வம்சம் தொடங்கிய கதை வருகிறது. சோழன் என்றே பெயர் கொண்ட ஓர் ஆதி அரசன், மான் உருவில் வந்த அரக்கனைத் துரத்திக்கொண்டே தெற்கே வந்து காவிரிக் கரையைச் சேருகிறான். மான், அரக்கன், துரத்தல்: எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? இருக்க வேண்டும் என்றுதானே எழுதினார்கள். கம்பெனி வரலாறு எழுதித் தரச் சொல்லி நிர்வாகம் என்னை நெருக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் தெரியாத சம்ஸ்கிருதக் கவியை நினைத்துக்கொள்வேன். அவருக்கு எத்தனை முறை திருத்தி எழுதச் சொன்னார்களோ!

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமியது, எழும்பவில்லை. சீலையைத் திறந்தார்கள். அதுவரை இருட்டில் வெளிநாட்டு உதாரணங்களைப் பார்த்திருந்த அறுபது பேர் முன்னால் விவேகானந்தர் பாறை பளீரென்று நின்றது. தாழக்குடிக்காரர் மெதுவாகச் சொன்னார்: "நமக்க பாடம் இவ்வளவு நேரமும் சீலைக்க அந்தப் பக்கம்லா கெடந்துருக்கு."

உண்மைதான். பாறையில் நினைவு மண்டபம் கட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது உள்ளூரிலும் எதிர்ப்பு, கோட்டையிலும் தயக்கம். மண்டபம் கட்டும் பொறுப்பை ஏற்ற ஏகநாத் ரானடே அன்று அறிக்கை விட்டுக்கொண்டிருக்கவில்லை. 1963 இறுதியில் டெல்லி போய், மூன்றே நாளில் 323 நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கினார். கட்சி பார்க்கவில்லை. பிறகு பணம். பெரிய முதலாளிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், நாடு முழுக்கச் சாதாரண மனிதர்களிடம் ஒரு ரூபாய் கேட்டார். ஒரு ரூபாய் கொடுத்தவன் சும்மா இருப்பானா? அந்தப் பாறையில் தனக்கும் ஒரு கல் இருக்கிறதென்று ஆயுசுக்கும் ஊரில் சொல்லிக்கொண்டிருப்பான். 1970 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி மண்டபத்தைத் திறந்துவைத்தார். அந்த மண்டபத்தைப் பற்றி அவரவருக்கு அவரவர் அபிப்பிராயம் இருக்கட்டும். தொழில்காரனாகப் பார்த்தால் எனக்கு வியர்க்கிறது. பில்லில் 5 சதவீதம் குறைக்க மூன்று கையெழுத்து வாங்குவதற்குள் எனக்கு மூன்று நாள் ஆகிவிடும்.

ஜெனரேட்டர் எழும்பியது. சீலையை மூடினார்கள்.

மதியத்துக்கு முன் கடைசி வகுப்பு நெருக்கடி மேலாண்மை. உண்மையை மறைக்காதே, முதலில் நீயே சொல், எல்லோருக்கும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் சொல். நன்றாகவே நடத்தினார். அது முடிந்து இலையில் உட்கார்ந்தோம். நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு: அவியல், எரிசேரி, துவரன், இஞ்சிக்கறி, பருப்பு, சாம்பார், புளிசேரி. போளியும் வந்துவிட்டது. இனி வர வேண்டியது பால்பாயாசம். போளியை வைத்துவிட்டுப் பாயாசம் விளம்பாமல் இருப்பது இந்தப் பக்கம் சாதாரணத் தவறல்ல, சம்பந்தமே முறிந்திருக்கிறது.

பாயாசம் வரவில்லை. சமையல்கட்டில் ஏதோ குசுகுசுப்பு. அமைப்பாளர்களை அந்த நேரம் பார்த்துக் காணோம். அப்போது வயதான விளம்புகாரர் ஒருவர், தோளில் துண்டோடு, ஒவ்வொரு இலையாகக் குனிந்து குனிந்து வந்தார். என் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, உங்ககிட்ட மட்டும் சொல்லுகேன். பாயாசம் அடிபிடிச்சுப் போச்சு. வெளிய சொல்லிராதீங்க. போளிக்கு மட்டிப்பழம் கொண்டாறேன், பிசஞ்சு சாப்பிடுங்க, அது ஒரு தனி ருசி."

எனக்குப் பெருமையாக இருந்தது. அறுபது பேரில் என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்? முகத்தில் ஏதோ பொறுப்பு தெரிந்திருக்கிறது. வாயைத் திறக்காமல் போளியும் பழமும் பிசைந்து சாப்பிட்டேன். தாழக்குடிக்காரரும் வாயைத் திறக்கவில்லை. கோட்டுக்காரரும் தலையைக் குனிந்து பழத்தை உரித்தார். ஒருவர்கூடப் பாயாசம் எங்கே என்று கேட்கவில்லை.

சாயங்காலம் சான்றிதழ் கொடுத்தார்கள். என் பெயரில் ஒரு எழுத்து கூடியிருந்தது. பஸ்ஸில் சுசீந்திரம் தாண்டும்போது தாழக்குடிக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும். யாருகிட்டயும் சொல்லாதீங்க, மத்தியானம் பாயாசம்…" என்று ஆரம்பித்தார். "அப்படியா!" என்றேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே மனைவி கேட்டாள்: "சாப்பாடு எப்பிடி? பாயாசம் உண்டுமா?"

நடைக்கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினேன்.