காவலுக்கு ஒரே குறி!

கே: சாரல் சீசனுக்கு '50%' தள்ளுபடி அறைகளைத் தேடினேன். 'வாடகை 1500' என்ற குறிப்பெல்லாம் வந்து நிற்கிறதே? (விடுதி வரவேற்பாளர், குற்றாலம்)

ப: தரவுத்தளத்தின் எஸ்.க்யூ.எல் மொழியில், 'லைக்' தேடலில் % வந்தால் 'எதுவும் வரலாம், எத்தனையும் வரலாம்' என்று பொருள். அடிக்கோடு வந்தால் 'ஏதோ ஒரு குறி'. சதவீதத்தைச் சதவீதமாகவே படிக்க வைக்க, அதன் முன்னால் ஒரு காவல் குறியை நிறுத்துங்கள்: லைக் '%50!%%' எஸ்கேப் '!'. நடு % மட்டும் சதவீதம். ஓரத்து இரண்டும் பழைய வேலையைப் பார்க்கும்.

கே: பாதுகாப்புக்கு எஸ்கேப் '!!' என்று கொடுத்தேன். பிழை! (தென்காசி)

ப: காவலுக்கு ஒரே குறிதான். எஸ்.க்யூ.எல் தரம் இதைச் செல்லாத காவல் குறி என்கிறது. பிழை எண் 22019. ஆரக்கிள் தரவுத்தளத்தில் 01425.

கே: தமிழ்ப் பற்றில் எஸ்கேப் 'கி' போட்டேன். ஒரே எழுத்துதானே? (செங்கோட்டை)

ப: நமக்கு ஒன்று, யூனிகோடுக்கு இரண்டு. 'க' தனி, இகரக் குறி தனி. அதனால் 'கி' செல்லாது. 'க' செல்லும், ஆனால் அதைக் காவலுக்கு வைத்தால் 'காசி'யையும் 'கடை'யையும் எப்படித் தேடுவீர்கள்? பெயர்களில் வராத குறியே நல்லது.

கே: தென்காசிக்கு நான்கு எழுத்து. நான்கு அடிக்கோடு போட்டும் ஊர் கிடைக்கவில்லையே? (இலஞ்சி)

ப: அதே கணக்குதான். த, ஒற்றைக்கொம்பு, ன, புள்ளி, க, கால், ச, இகரக் குறி: ஆக எட்டு. எட்டு அடிக்கோடு போட்டால் ஊர் வரும். குற்றாலத்துக்கு ஒன்பது. தமிழ்ப் பெயர்களை அடிக்கோட்டால் எண்ணாதீர்கள்.

கே: ஒரே தேடல் போஸ்ட்கிரஸில் ஓடுகிறது, ஆரக்கிளில் விழுகிறது. ஏன்? (சுரண்டை)

ப: காவல் குறிக்குப் பின்னால் என்ன வைத்தீர்கள் என்று பாருங்கள். %, அடிக்கோடு, அதே காவல் குறி: தரம் அனுமதிப்பது இம்மூன்றைத்தான். '!அ' என்று வந்தால் ஆரக்கிள் 01424 என்று நிறுத்தும். போஸ்ட்கிரஸ் 'அ' என்றே எடுத்துக்கொள்ளும். காவல் குறி கடைசியில் அநாதையாக நின்றால், தேடல் அந்த முனையைத் தொட்டதும் போஸ்ட்கிரஸிலும் பிழைதான். இன்னொன்று: போஸ்ட்கிரஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் நீங்கள் சொல்லாவிட்டாலும் பின்சாய்கோடு காவலுக்கு நிற்கும், ஆரக்கிளில் யாரும் நிற்பதில்லை. எங்கே எழுதினாலும் எஸ்கேப்பை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கே: வாடிக்கையாளர் எதையாவது தட்டச்சு செய்தால்? அளவுருவாகத்தான் அனுப்புகிறேன். (ஆலங்குளம்)

ப: அது ஊடுருவலைத் தடுக்கும், % தன் வேலையைச் செய்வதைத் தடுக்காது. முதலில் ! எல்லாவற்றையும் !! ஆக்குங்கள். பிறகு % ஐ !% ஆகவும், அடிக்கோட்டை !_ ஆகவும் மாற்றுங்கள். வரிசை முக்கியம். தலைகீழாகச் செய்தால் நீங்கள் வைத்த !% மறுபடி மாறி !!% ஆகிவிடும், அதாவது ஓர் ஆச்சரியக்குறி, பின்னால் அவிழ்த்துவிட்ட %.

கே: பிழை வந்தால் அமுக்கிவிட்டு 'ஏதும் கிடைக்கவில்லை' என்று காட்டலாமா? (மத்தளம்பாறை)

ப: கூடவே கூடாது. குற்றாலப் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை போடுகிறார்கள். அந்தத் தடையை மறைத்துவிட்டு 'இன்று அருவியில் தண்ணீர் இல்லை' என்று பலகை வைப்பீர்களா? பிழை உண்மையைச் சொல்கிறது. வெற்றுப் பட்டியல் பொய் சொல்கிறது. அறை இருந்தும் இல்லை என்று திரும்பிப் போகும் குடும்பத்துக்கு அந்தப் பொய் தெரியவே தெரியாது. மத்தளம்பாறையில் 2011 முதல் மென்பொருள் எழுதப்படுகிறது. உங்கள் ஊர்க்காரர்கள் எழுதும் தேடல் உலகமெங்கும் ஓடலாம். ஆகவே பிழையைப் பதிவேட்டில் எழுதுங்கள், பயனாளியிடம் உள்ளதைச் சொல்லுங்கள், குறியைத் திருத்துங்கள்.