ஊட்டியே போய் உட்கார்ந்தாலும் சீட் மிஞ்சும்!

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரி மேட்சுக்கே லட்சம் பேர் திரள்கிறார்களாமே! எங்கள் பிள்ளைகள் ஆடினால் யார் பார்க்கிறார்கள்?
- தேயிலைத் தோட்ட வாசகர், கிளென்மார்கன்

பதில்: மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,000 இருக்கைகளுக்கு மேல். 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகராட்சியின் ஜனத்தொகை 88 ஆயிரத்துச் சொச்சம். ஊரே கிளம்பிப் போய் உட்கார்ந்தாலும் சீட் மிஞ்சும்! அங்கே கல்லூரி அணிதான் ஊரின் அணி. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையும் ஒரே நிற பனியனில் வந்து கத்தும்.

கூட்டம் கிடக்கட்டும், முதலில் கோச் வேண்டும். மலைக்காற்றுதான் ஏற்கெனவே இருக்கிறதே! கென்யாவின் இடென் என்ற ஊர் சுமார் 2,400 மீட்டர் உயரம். உலகத்து ஓட்டக்காரர்கள் செலவழித்து அங்கே போய்ப் பயிற்சி எடுக்கிறார்கள். ஊட்டியும் 2,200 மீட்டருக்கு மேல். அந்தக் காற்று உங்கள் பிள்ளைகளுக்குப் பிறவிச் சொத்து. ஆனால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடப்பதோ சீசன் நேரத்தில். சுற்றுலா கார்களுக்கு நடுவே கிளென்மார்கன் பஸ் ஊர்ந்து ஊட்டி முகாமுக்குச் சேர்வதற்குள் காலைப் பயிற்சியே முடிந்துவிடும். தேயிலைச் செடிக்குள் விழுந்த பந்தைத் தேடியே பாதி ஆட்டம் போகிற பிள்ளைகள் இவர்கள். ஆணையத்தாரே, அடுத்த மே மாதம் ஒரு கோச்சை கிளென்மார்கனுக்கே அனுப்புங்கள்!