அவசரகாலக் குழு அமைத்தது சார்பாக

பெறுநர்: உயர்திரு சுற்றறிக்கைப் பிரிவு அலுவலர் அவர்கள், மேலிடம்.

பொருள்: பள்ளி அவசரகால மீட்புக் குழுக்கள் அமைத்தல் – பொறுப்பாளர் நியமித்தல் – அறிக்கை அனுப்புதல் – சார்பு.

பார்வை: தலைமையாசிரியர் வாட்ஸ்அப் குழுவில் மாலை 4.10-க்கு வந்த தங்கள் சுற்றறிக்கை, 4.25-க்கு வந்த நினைவூட்டு, 4.40-க்கு வந்த கண்டிப்பு.

ஐயா,

பார்வையில் கண்ட மூன்றும் கிடைக்கப் பெற்றேன். "மிக மிக அவசரம், தனிக்கவனம்" என்று மேலே போட்டு, ஐந்து மணிக்குள் குழு அமைத்து, கூட்டம் கூட்டி, தீர்மானம் எழுதி, ஒத்திகை நடத்தி, படத்துடன் கூகுள் படிவத்தில் ஏற்றச் சொல்லியிருந்தீர்கள். 4.10-க்குப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியாகிவிட்டது. ஆகவே அன்றைய பேரிடரை மறுநாளுக்குத் தள்ளிவைக்க நேர்ந்தது. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

குழுக்கள் அமைத்தாயிற்று. முன்னெச்சரிக்கைக் குழு, வெளியேற்றக் குழு, தேடல் மற்றும் மீட்புக் குழு, முதலுதவிக் குழு, தீத்தடுப்புக் குழு, வளாகப் பாதுகாப்புக் குழு, ஊடகத் தொடர்புக் குழு, பேருந்துப் பாதுகாப்புக் குழு என எட்டு. குழுவுக்கு ஐந்து பேர் வீதம் நாற்பது பேர் தேவை. எங்களுடையது ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எங்களிடம் அதற்கும் குறைவான பிள்ளைகளே. அதனால் எட்டுக் குழுவுக்கும் நானே தலைவர், இன்னொரு ஆசிரியை எட்டுக்கும் துணைத் தலைவர். மீதி இடங்களில் சத்துணவு அமைப்பாளர், சமையலர், காலை உணவு சமைக்க வரும் மகளிர் குழு அக்கா, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஆகியோரை மாற்றி மாற்றி எழுதி நிரப்பியிருக்கிறேன். பேருந்துப் பாதுகாப்புக் குழுவைப் பொறுத்தவரை, பள்ளிக்குப் பேருந்து கிடையாது. ஊருக்கே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. "இல்லை" என்று போட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்ததால் அதற்கும் ஐந்து பேரைக் கொடுத்துவிட்டேன்.

தலைவர் இல்லாத வேளையில் யார் பொறுப்பு என்று நன்றாகவே கேட்டிருந்தீர்கள். துணைத் தலைவர்தான். ஆனால் அவர் வாக்குச்சாவடி நிலை அலுவலரும்கூட. பட்டியல் திருத்தம் வந்தால் வீடு வீடாகப் போய்விடுவார். அது முடிந்தால் பயிற்சி. பயிற்சி முடிந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றுப்பணி. எனக்கும் மாதாந்திரக் கூட்டங்கள் உண்டு. எனவே நெருக்கடி எதுவும் நாங்கள் இருவரும் பள்ளியில் இருக்கும் நாளாகப் பார்த்து வரும்படி முன்னெச்சரிக்கைக் குழு தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. முன்மொழிந்தவர் நான், வழிமொழிந்தவர் ஆசிரியை.

தகவல் பரிமாற்றப் படிநிலையையும் தாங்கள் படம் போட்டு அனுப்பியபடியே கடைப்பிடிக்கிறோம். புகை தெரிந்தால் முன்னெச்சரிக்கைக் குழுத் தலைவர் என்ற முறையில் நான் எழுத்துமூலம் தெரிவிப்பேன். வெளியேற்றக் குழுத் தலைவர் என்ற முறையில் நானே அதைப் பெற்று ஒப்புதல் கையெழுத்திடுவேன். யாராவது காணாமல் போயிருந்தால் மீட்புக் குழுத் தலைவரான என்னிடம் கேட்பேன். எல்லாம் முடிந்த பிறகு, செய்தியாளரிடம் எதுவும் பேசக்கூடாது என்று ஊடகத் தொடர்புக் குழுத் தலைவரான எனக்கு அறிவுறுத்துவேன்.

ஒத்திகை பற்றித் தனியே எழுத வேண்டும். நீண்ட மணி அடித்தால் பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்கு வர வேண்டும் என்பது விதி. எங்கள் பள்ளியில் தண்டவாளத் துண்டில் நீளமாக மணி அடித்தால் ஒரே அர்த்தம்தான்: பள்ளி விட்டாச்சு. வாசல் கேட்டைத் திறந்துவைத்துவிட்டு அடித்தேன். ஒருவரையொருவர் தள்ளாமல், அழாமல், முகம் மலர ஒரு நிமிடத்துக்குள் பள்ளியே காலி. வெளியேற்றத்தில் நாங்கள் ஜப்பானை முந்திவிட்டோம் என்றே நினைத்தேன். மைதானத்தில் தலை எண்ணத்தான் ஆளில்லை, எல்லாரும் வீட்டில். இரண்டாம் வகுப்பு ஒருத்தி மட்டும் திரும்பி வந்து, "சார், சத்துணவு இன்னைக்குக் கிடையாதா?" என்று கேட்டாள். தெருத் தெருவாகப் போய் எல்லாரையும் திரட்டிவர மதியமாகிவிட்டது. அந்த மகத்தான வெளியேற்றத்தைப் படமெடுக்கவும் ஆளில்லை, மணி அடித்தவன் நான். ஆகவே பிற்பகலில் பிள்ளைகளை ஓடுவதுபோல நிறுத்திவைத்து எடுத்த படத்தையே இணைத்துள்ளேன். அதில் ஒருவனும் ஓடவில்லை என்பதைத் தாங்கள் கண்டுகொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது.

தீயணைப்பான் உள்ளதா என்ற கேள்விக்கு "ஆம்" போட்டிருக்கிறேன். உள்ளது. என் அறையில், இரும்பு பீரோவில், சீருடைக் கட்டுக்கும் பழைய வருகைப் பதிவேட்டுக்கும் நடுவில் பத்திரமாகப் படுத்திருக்கிறது. சுவரில் மாட்டத்தான் ஆசை. ஆனால் அது இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள். ராத்திரி யாராவது கழற்றிக்கொண்டு போனால் தணிக்கையில் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். எரிந்து போனால் பிடிக்க மாட்டார்கள் என்று மூத்தவர் ஒருவர் விளக்கினார். பீரோ சாவி என்னிடம், அறைச் சாவி என்னிடம், நான் கூட்டத்தில்.

சமையலர் அக்காவுக்கு அதை இயக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று ஒருநாள் வெளியே எடுத்தேன். முள்ளை உருவ வேண்டும், குழாயைத் தீயின் அடிப்பக்கம் பார்த்துப் பிடிக்க வேண்டும், பிடியை அழுத்தி இப்படியும் அப்படியும் வீச வேண்டும். வாயால் எல்லாம் சொன்னேன். அக்கா முள்ளில் கை வைத்ததும் பதறிப் பிடுங்கிக்கொண்டேன். முள்ளில் கட்டியிருக்கும் முத்திரை அறுந்து, பொடி கொஞ்சம் வெளியே வந்தாலும் மறுபடி நிரப்பியாக வேண்டும். எந்தத் தலைப்பில் அந்தச் செலவை எழுதுவது என்று கேட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அக்கா அடுப்படிக்குத் திரும்பி, மூலையிலிருந்த மணல் வாளியையும் நனைத்த சாக்கையும் காட்டி, "எனக்கு இது போதும் சார்" என்றார். அடுப்புக்கு அருகே தினமும் நிற்பவர் அவர். தீத்தடுப்புக் குழுவின் வரைபடத்தில் அவர் பெயர் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது.

இனிச் சற்று விளையாட்டை நிறுத்திக்கொள்கிறேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். கீற்றுக்கூரையில் தீ, நெரிசலான மாடி, இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. அதையொட்டித் தொடுத்த பொதுநல வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம், கட்டடம் பாதுகாப்பானது என்று உறுதிசெய்த பிறகே பள்ளிக்கு அங்கீகாரம், ஆசிரியருக்குத் தீத்தடுப்புப் பயிற்சி என்றெல்லாம் உத்தரவிட்டது. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் போனார்கள். இரண்டு இடத்திலும் கொன்றது கூரையும் படிக்கட்டும் சுவரும். இவற்றில் ஒன்றைக்கூட மாற்றும் அதிகாரம் எனக்குக் கிடையாது. என் பள்ளி வளாகத்திலும் ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. "பாதுகாப்பற்றது, அருகில் செல்லாதே" என்று சுவரில் நானே எழுதிவைத்தேன். வெயில் நேரத்தில் நிழல் விழுவது அங்கேதான் என்பதால், அந்த எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். இடிக்க உறுதித்தன்மைச் சான்று வேண்டும், சான்றுக்குப் பொறியாளர் வர வேண்டும், பொறியாளர் வரக் கடிதம் வேண்டும். கடிதங்கள் என்னிடம் கோப்பாக இருக்கின்றன. கோப்பு நல்ல உறுதியாக இருக்கிறது.

தாங்கள் தலைமைப் பண்பு பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்ததால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஒகாவா தொடக்கப் பள்ளியில் நிலநடுக்கம் வந்ததும் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பள்ளிக்குப் பின்னால் மலை. தலைமையாசிரியர் அன்று விடுப்பு. எங்கே போவது என்று பெரியவர்கள் முடிவெடுப்பதற்குள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. சுனாமி 74 பிள்ளைகளையும் 10 ஆசிரியர்களையும் கொண்டுபோயிற்று. அந்தப் பள்ளிக்கும் கையேடு இருந்தது. பக்கத்திலுள்ள காலியிடம் அல்லது பூங்காவுக்குப் போகச் சொல்லும் கையேடு. எந்தக் காலியிடம், எந்தப் பூங்கா என்று மேலே யாரும் திருப்பிக் கேட்கவில்லை. 2018-இல் செண்டாய் உயர் நீதிமன்றம், பள்ளியோடு சேர்த்து, அந்தக் கையேட்டைச் சரிபார்க்காத நகரக் கல்வி வாரியத்தையும் குற்றம் சொன்னது. மறு ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியாயிற்று. கமாய்ஷி என்ற இன்னோர் ஊரில், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் யாருக்கும் காத்திராமல் மேட்டைப் பார்த்து ஓட, அதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் பின்னால் ஓடிப் பிழைத்தார்கள். எந்தப் பக்கம் மேடு என்று அவர்களுக்கு முன்பே ஓடிக் காட்டிப் பழக்கியிருந்தார்கள்.

தங்கள் சுற்றறிக்கையின் கடைசி வரி, "அசம்பாவிதம் ஏதும் நிகழின் தலைமையாசிரியரே முழுப் பொறுப்பாவார்". இதை முழுமனதாக ஏற்கிறேன். பொறுப்போடு கூடவே மூன்று சில்லறை விஷயங்களையும் கொடுத்தனுப்பினால் உதவியாக இருக்கும். தீயணைப்பானைச் சமையலறை வாசலில் மாட்ட அனுமதியும், திருட்டுப் போனால் என்னைக் கேட்க மாட்டோம் என்று தணிக்கைக்கு ஒரு வரியும். பழைய கட்டடத்தைப் பார்க்க ஒரு பொறியாளர். பிள்ளைகள் சாலைக்கு ஓடிவிடக்கூடாது என்று பகல் முழுக்கப் பூட்டிவைக்கும்படி தாங்களே போன ஆண்டு சுற்றறிக்கை விட்ட முன்வாசல் கேட்டுக்கு, பூட்டுக்குப் பதிலாகப் பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். மூன்றில் தாழ்ப்பாள் மட்டும் கைக்காசு போட்டு வைத்துவிட்டேன். இது விதிமீறல் என்றால் பேருந்துப் பாதுகாப்புக் குழுவை விட்டு விசாரிக்கவும்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர் (மற்றும் எட்டுக் குழுக்களின் தலைவர்)

இணைப்பு: புகைப்படங்கள் எட்டு. எல்லாவற்றிலும் அதே ஆறு பேர். சட்டை மாற்ற நேரமில்லை.

நகல்: வளாகப் பாதுகாப்புக் குழுத் தலைவர் அவர்களுக்கு. கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டேன்.