எலியாகப் பிறந்திருக்கலாம்

தூத்துக்குடிக் கரையில் பிறப்பதென்றால் முத்துச்சிப்பியாகப் பிறந்திருக்க வேண்டும். முத்துக்குளிக்கும் சலாபத்தை அறிவிக்கும் முன் அந்நாளில் அரசாங்கம் படகு அனுப்பும். ஆள் முங்கிக் கடலடிப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை அள்ளி வருவான். அவற்றின் வயிற்றைப் பிளந்து, உள்ளே விளைந்தது என்ன விலை போகும் என்று அதிகாரிகள் கணக்கெழுதுவார்கள். கடைசிச் சலாபம் நடந்தது 1961-ல். அதே கரையில் மாதந்தோறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளும் பெண்ணுக்குள் என்ன விளைகிறது என்று பார்க்க எந்தப் படகும் கிளம்பியதில்லை. முத்தா விளைகிறது, பார்ப்பதற்கு?

விளைவது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும் குடல்மேலும் ஒட்டி வளர்ந்து, மாதவிடாய்தோறும் அங்கேயே கசிந்து, உறுப்புகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மூர் வைத்தியமோ ரொம்பச் சுருக்கம். “சூடு, வெந்தயத்த முழுங்கு.” அப்புறம், “கல்யாணம் ஆனா சரியாயிரும்.” ஆனபின், “ஒரு பிள்ளயப் பெத்தா சரியாயிரும்.” பெற்றபின், “ஏட்டி, பிள்ளையே பெத்தாச்சு, இன்னும் என்ன வலி?” மாப்பிள்ளையை மருந்துச்சீட்டில் எழுதும் மருத்துவம் வேறெந்த நோய்க்கும் இல்லை. வயிறு உப்புகிறது என்றவளுக்கு ‘கேஸ்’ மாத்திரை. குடல்வரை சரியாக வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்!

குடலில்தான் விஷயம் இருக்கிறது போலும். வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் கல்லீரல் மூட்டை கட்டி, வெளியேற்றக் குடலுக்கு அனுப்பும். அங்குள்ள சில பாக்டீரியாக்கள், துறைமுகத்தில் கண்டெய்னர் சீலை உடைப்பதுபோல் அதைப் பிரித்து ரத்தத்துக்கே திருப்பிவிடும். எண்டோமெட்ரியோசிஸ் திசு கொழுப்பது ஈஸ்ட்ரோஜனில்தான். 2019-ல் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இந்நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தார்கள், கட்டிகள் சுருங்கின. நோயுற்ற எலியின் கழிவைப் புகட்டியதும் மறுபடி வளர்ந்தன. மனிதரில் இன்னும் நிரூபணமாகவில்லை. புரோபயாடிக் டப்பா விற்பவருக்கு மட்டும் எல்லாம் நிரூபணமாகிவிட்டது. எப்படியோ, எலிக்கு வலிக்கும் என்று நம்பினார்களே. அந்த எலியிடம் கல்யாணம் ஆச்சா என்று யாரும் கேட்கவில்லை.

2023 டிசம்பரில் அன்றைய மத்திய அமைச்சர் ஸ்மிருதி இரானி, மாதவிடாய் ஊனமல்ல, அதற்குத் தனி விடுப்பு வேண்டாம் என்று மாநிலங்களவையில் முழங்கினார். கைதட்டுவோம்! குடலைத் திசு பிடித்திழுப்பது ஊனமல்ல, உற்சாகம். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகள் அமைச்சரையே முந்தியவை. வலி என்ற பெண்களுக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியதை 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டுவந்தது. என்ன மாத்திரை என்று விழுங்கியவளுக்கே தெரியாது. தையல் மிஷின் நிற்கவில்லை, அது போதாதா? பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் விடுப்பு கொடுக்கத் தொடங்கியது 1992-ல். தூத்துக்குடி உப்பளத்தில் தினக்கூலிக்கு உப்புச் சுமப்பவள் விடுப்பு கேட்டால் கிடைப்பது விடுப்பல்ல, கூலி வெட்டு. ஒதுங்க மறைவில்லாததால் தண்ணீர் குடிக்கவே பயந்து வெயிலில் நிற்கிறாள். அவள் குடலைப் பற்றிப் பாக்டீரியாவாவது அக்கறைப்படட்டும்.

ஆராய்ச்சி முடியும்போது முடியட்டும். அதுவரை உப்பள முதலாளிகளே, கழிப்பறை கட்டுங்கள். அதற்கு எலிச்சோதனை வேண்டியதில்லை. டாக்டர்களே, அடுத்து ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும்போது கல்யாணத்தை விசாரிக்காதீர்கள், எத்தனை வருஷமாக வலிக்கிறது என்று கேளுங்கள்.